ஆண்டுதோறும் பல மாதம் வெளிநாட்டில்: வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப ஒரு முழுமையான வழிகாட்டி

வருடத்தில் மூன்று மாதமோ ஆறு மாதமோ வெளிநாட்டில் தங்குகிறவர்களில் பலர் பெட்டியைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பார்கள். வீட்டைப் பற்றிக் கடைசி இரவில்தான் நினைப்பு வரும். இருக்க வேண்டியது இதற்கு நேர்மாறாக. பெட்டியில் எதை மறந்தாலும் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பூட்டிய வீட்டுக்குள் ஒரு குழாய் கசிந்தால், ஓ.டி.பி. வரும் எண் செயலிழந்தால், விமானத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பெட்டி கடைசியில்தான் வரும், அதுவும் சுருக்கமாக. விட்டுப்போகிறவற்றுக்குத்தான் முதலிடம்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள் (நான்கு மாதம் முன்பு)

டிக்கெட்டுக்கு முன் நாட்காட்டியை எடுங்கள். ஒரே ஒரு முறை போய்வருகிறவருக்கு விசா இருந்தால் போதும். ஆண்டுதோறும் போகிறவருக்கோ மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் கணக்கு, எத்தனை நாள் தங்கலாம் என்பது. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய கால அனுமதியில் போனால், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரி பிறந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்ப்பார்கள். அந்த வட்டாரத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வந்தாலும் கணக்கு அழியாது. எல்லாம் சேர்த்து ஒரே 90 நாள்தான்.

இரண்டாவது, வரி. பல நாடுகளில் ஓராண்டில் 183 நாள் தங்கினால் வரி விஷயத்தில் நீங்கள் அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். நாம் அத்தனை நாள் தங்குவதில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்காவைப் பாருங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் இந்த ஆண்டு தங்கிய நாட்கள் முழுதாகவும், போன ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கும் கூட்டப்படும். மூன்று ஆண்டும் தொடர்ந்து 122 நாள் தங்கினால் கூட்டுத்தொகை சரியாக 183. 120 நாளோடு நிறுத்தினால் 180தான். இரண்டே நாள் வித்தியாசம், வரிப் படிவம் வேறு. இதிலிருந்து விலக்கும் உண்டு. அந்த ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கியவர், தன் வரிக்குரிய வீடும் நெருங்கிய தொடர்பும் வேறு நாட்டில்தான் என்று 8840 என்ற படிவத்தில் காட்டலாம். ஆனால் அது தானாக வராது. படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்றாவது கணக்கைத்தான் பலரும் மறக்கிறார்கள்: விட்டுப்போகும் நாட்டில் இழக்கக்கூடிய உரிமை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு தொடர, பொதுவாக எந்த 12 மாதத்திலும் 212 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு உரிமை வைத்திருப்பவர் தொடர்ந்து 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் அது போய்விடலாம். குடியுரிமை இல்லாமல், அனுமதியின் பேரில் ஒரு நாட்டில் வசிப்பவர்கள், எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பதை அந்தந்த அரசின் தளத்திலேயே பாருங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

இதற்காக ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்த நாள், வெளியேறிய நாள், நாடு என்று மூன்றே பத்தி போதும். போர்டிங் பாஸைப் படமெடுத்து அதோடு சேமியுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் பல எல்லைகளில் குறைந்து வருகிறது. நாளை யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் உள்ள ஆதாரம்தான் உதவும்.

கடவுச்சீட்டையும் இப்போதே திறந்து பாருங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சில இடங்களில் அது இறங்கும் நாளிலிருந்து, சில இடங்களில் கிளம்பும் நாளிலிருந்து. நீண்ட காலம் தங்குகிறவர், திரும்பும் தேதிக்கு அப்பாலும் ஆறு மாதம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்கட்டும்.

நாயோ பூனையோ கூட வருகிறது என்றால் அந்த வேலையும் இப்போதே தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், தன் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து வரும் பிராணிக்கு முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி, அதற்குக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த பின் மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசை வைத்திருக்கிறது. வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாம் படி: சாவி யாரிடம்?

முழு ஏற்பாட்டிலும் மிக முக்கியமான முடிவு இதுதான் என்பேன். பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மாதக்கணக்கில் யாரும் எட்டிப்பார்க்காத வீடு கெட்டுப்போகும். சின்னக் கசிவை இரண்டாம் நாள் பார்த்தால் ஒரு வாஷரோடு முடியும். இரண்டாம் மாதம் பார்த்தால் தரையும் சுவரும் போயிருக்கும்.

அன்பானவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அவரோடு நின்று வேலை வாங்கத் தெரிய வேண்டும். உறவினர் தொலைவில் இருந்தால், அருகில் இருக்கும் அண்டை வீட்டார் மேல். இலவசமாகச் செய்கிறேன் என்பவரைவிடப் பணம் வாங்கிக்கொண்டு செய்பவர் ஒழுங்காக வருவார் என்பது என் கருத்து. குறைந்தபட்சம், “ஏன் வரவில்லை” என்று அவரிடம் கேட்க முடியும்.

அவருக்கு ஒரு குறிப்பேடு எழுதிக் கொடுங்கள். தண்ணீர் மெயின் வால்வு எங்கே, அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், மின் பலகையில் எந்த ஸ்விட்ச் எதற்கு, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள், காப்பீட்டுப் பாலிசி எண், உங்கள் வெளிநாட்டு எண், நேர வித்தியாசம். வால்வையும் ஸ்விட்சையும் படமெடுத்து ஒட்டினால் பாதி எழுத்து மிச்சம். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக எழுத வேண்டாம், திருத்தினால் போதும். இதற்கு முதல் ஆண்டு ஆகும் நேரத்தில் கால்வாசி கூட அடுத்த ஆண்டு ஆகாது.

இன்னும் இரண்டு விஷயம் பேசி முடிக்க வேண்டும். ஒன்று, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், வந்தால் என்ன பார்ப்பார் என்பது. பத்து நாளுக்கு ஒருமுறை வந்து எல்லா அறையையும் திறந்து பார்த்து, நான்கைந்து படம் அனுப்பினால் போதும். இரண்டு, பணம். ஒரு தொகையை அவரிடம் கொடுத்துவிட்டு, “இவ்வளவு வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம், அதற்கு மேல் என்றால் கூப்பிடுங்கள்” என்று வரம்பைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு நள்ளிரவாக இருக்கும்போது அங்கே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால், அனுமதிக்காக அவர் காத்திருக்கக்கூடாது.

மூன்றாம் படி: காப்பீடும் கையெழுத்தும் (இரண்டு மாதம் முன்பு)

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். வீடு தொடர்ந்து இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் இழப்பீடு கிடையாது என்றோ குறையும் என்றோ இருக்கும். பல பாலிசிகளில் அந்த வரம்பு 30 நாள் அல்லது 60 நாள். முன்கூட்டியே தெரிவித்தால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு நீட்டித்துத் தருகின்றன. யாராவது குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க வேண்டும், தண்ணீரை மூடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் உண்டு. அப்படியென்றால் வந்து பார்த்ததற்குத் தேதியோடு பதிவு வேண்டும். சாவி வைத்திருப்பவர் அனுப்பும் படங்கள் அதற்கும் உதவும்.

பயணக் காப்பீட்டிலும் இதே மாதிரி ஒரு பொறி. “ஆண்டு முழுவதும், எத்தனை பயணம் வேண்டுமானாலும்” என்று விற்கப்படும் பாலிசிகளில் ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் வரம்பு இருக்கும். 30, 45, 60 என்று. நான்கு மாதம் தங்குகிறவர் அதை நம்பிப் போனால் பாதி நாளோ அதற்கு மேலோ காப்பீடே இல்லாமல் கழியும். நீண்ட ஒற்றைப் பயணத்துக்கான பாலிசி தனியாக உண்டு, அதைக் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். செலவைக் கேட்கும்போது முதலில் தோண்டுவது அதைத்தான்.

அப்புறம் கையெழுத்து. நீங்கள் இல்லாதபோது வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ உங்கள் சார்பில் ஒருவர் ஒப்பமிட வேண்டி வரலாம். அதற்கு அதிகாரப் பத்திரம். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கும் பொதுப் பத்திரம் பெரும்பாலோருக்கு வேண்டாம். இன்ன வேலைக்கு, இன்ன காலத்துக்கு என்று வரையறுத்த பத்திரம் போதும், தூக்கமும் வரும். கிளம்புவதற்கு முன் செய்தால் எளிது. வெளிநாட்டிலிருந்து அனுப்புவதென்றால் தூதரகத்துக்கு அலைய வேண்டும், அல்லது அங்கே நோட்டரியிடம் ஒப்பமிட்டு, 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளாக இருந்தால் அப்போஸ்டில் (பத்திரத்தின் ஒப்பம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கி அனுப்ப வேண்டும். எப்படியும் வாரக்கணக்கில் ஆகும்.

உயில் எழுதியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்காவது தெரியட்டும். ஊரில் வயதான பெற்றோரை விட்டுப்போகிறீர்கள் என்றால், அவர்களுடைய மருத்துவர் எண்ணும் மருந்துப் பட்டியலும் சாவி வைத்திருப்பவரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

நான்காம் படி: போன் எண்ணைக் காப்பாற்றுங்கள்

முன்பெல்லாம் வீட்டுச் சாவிதான் பெரிய விஷயம். இப்போது சிம் கார்டு அதைவிடப் பெரியது. வங்கி, மின்னஞ்சல், அரசுச் சேவை எல்லாம் அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு நிறுவனங்கள் முடக்கிவிடும். அப்புறம் வேறு ஒருவருக்கே கொடுத்தும் விடலாம். உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவர் கைக்குப் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். எண்ணை உயிரோடு வைத்திருக்கும் மிகக் குறைந்த திட்டம் எது என்று நிறுவனத்திடம் கேட்டு, திரும்பும் தேதிக்கு ஒரு மாதம் தாண்டியும் நீடிக்கும்படி ரீசார்ஜ் செய்யுங்கள். ரோமிங்கை இங்கேயே இயக்கிவிடுங்கள், ஏனென்றால் அதை இயக்குவதற்கே சில நிறுவனங்கள் ஓ.டி.பி. கேட்கும். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவது பல திட்டங்களில் இலவசம், டேட்டாதான் பையைக் காலி செய்யும். அதை அணைத்துவிட்டு, அங்கே உள்ளூர் சிம்மோ இசிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சிம் ஏற்கும் போன் இதற்கு மிக வசதி.

குறுஞ்செய்தியை நம்பாமல் இருக்க வழி இருக்கும் இடமெல்லாம் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். சிக்னலே இல்லாமலும் உள்ளே நுழையத் தேவையான எண்ணை அது காட்டும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, போனும் மடிக்கணினியும் இருக்கும் பைக்குள் போடாமல் வேறு பையில் வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அது ஒன்றுதான் வழி.

வங்கியில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். நீங்கள் இல்லாத காலத்தில் எந்தக் கார்டு காலாவதியாகிறது என்று பாருங்கள். புதிய கார்டு பூட்டிய வீட்டுக்கு வந்து திரும்பிப் போகும், அதில் இணைத்திருந்த தானியங்கிக் கட்டணமெல்லாம் நின்றுபோகும். வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் இயக்குங்கள். இரண்டு வெவ்வேறு வங்கியின் கார்டுகளை இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டு நாணயத்திலா உள்ளூர் நாணயத்திலா என்று இயந்திரம் கேட்டால், எப்போதும் உள்ளூர் நாணயம். மற்றதில் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் பக்கம் நிர்ணயிக்கிறது. அதில் நமக்கு லாபம் கிடைப்பது அரிது.

ஐந்தாம் படி: மருந்து

மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும். ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கிறது. மூலப்பெயர் இருந்தால்தான் அங்குள்ள மருந்தகத்தில் புரியும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலக்காமல் அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துச்செல்லுங்கள்.

நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து அங்கே தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த சாதாரண மருந்தாக இருந்தாலும், ஒரு மாத அளவைத் தாண்டினால் அங்கே முன்அனுமதி வாங்க வேண்டும். கோடீன், டிராமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அதனால் ஆறு மாத மருந்தை அள்ளிப் போடுவதற்கு முன், போகும் நாட்டின் விதியைப் படித்துவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவு போதாது என்றால், அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்க இப்போதே திட்டமிட வேண்டும்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே போடாதீர்கள். உறைந்தால் பயன் போய்விடும். கைப்பையில்தான் வர வேண்டும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை என்பதால், தங்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இன்னொரு ஜோடியும் அளவுச் சீட்டும் எடுத்துக்கொள்ளலாம். பல் வலி லேசாக இருந்தால் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் பல் மருத்துவச் செலவைப் பல பயணக் காப்பீடுகள் அவசரத்துக்கு மட்டும்தான் தருகின்றன.

ஆறாம் படி: வீட்டைத் தூங்க வைப்பது (கடைசி இரண்டு வாரம்)

முதலில் தண்ணீர். பூட்டிய வீட்டில் நெருப்பைவிடத் தண்ணீரால்தான் அடிக்கடி சேதம். மீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. இதைக் கிளம்பும் நாளில் செய்து பயனில்லை. சரிசெய்ய நேரம் வேண்டும். மெயின் வால்வையும் இப்போதே ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பல ஆண்டு தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும், கடைசி நாளில் பலம் போட்டுத் திருப்பினால் உடைந்தும் போகும்.

கிளம்பும் நாளில் மெயின் வால்வை மூடி, ஒரு குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாயைத் தனியாகவும் மூடுங்கள். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் அந்த ரப்பர் குழாய் வெடித்துத்தான் பல வீடுகளில் வெள்ளம். கீசரை அணைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் உறைபனி விழும் இடமானால் இதெல்லாம் போதாது. குழாய்களில் உள்ள தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும், அல்லது வீட்டை 12, 13 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். உறையும் தண்ணீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

வடிகால்களை யாரும் நினைப்பதில்லை. வாஷ்பேசின், குளியலறைத் தரை, சமையலறைத் தொட்டி எல்லாவற்றுக்கும் கீழே வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவையும் கரப்பானையும் தடுப்பது அதுதான். சில வாரத்தில் அது ஆவியாகிவிட்டால் திரும்பி வரும்போது வீடே நாறும். கிளம்பும் முன் ஒவ்வொரு வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து ஆவியாவதைத் தடுக்கும். கெட்டுப்போகாத மினரல் ஆயில் இன்னும் நல்லது. சாவி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலும் சரி. கழிவறை மூடியை மூடி வையுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மேல்தொட்டி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

மின்சாரத்தில் மெயினையே அணைப்பதா என்ற கேள்வி வரும். கேமரா, அலாரம், ஃபிரிட்ஜ் எதுவும் ஓட வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். ஏதாவது ஓட வேண்டுமென்றால் அந்தச் சுற்றை மட்டும் விட்டு மற்ற ஸ்விட்சுகளை இறக்குங்கள். எப்படியானாலும் டி.வி., கணினி, ரவுட்டர் போன்றவற்றின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இடி இறங்கும்போது ஸ்விட்ச் காப்பாற்றாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஒரு கவனம்: மெயினை மட்டும் அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும், முழுவதும் வற்றும். வற்றிய ஈயப் பேட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் திரும்ப எழாது. முழுதாக சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைச் சரிபார்த்து, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் போங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பழைய போன், மடிக்கணினிகளுக்கு நேர்மாறு. அவற்றை ஏறக்குறைய பாதி சார்ஜில் அணைத்து வைக்க வேண்டும். ரிமோட், சுவர்க்கடிகாரம் எல்லாவற்றிலிருந்தும் செல்களைக் கழற்றுங்கள், கசிந்து அரித்துவிடும்.

ஃபிரிட்ஜை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அணைப்பதே என் கட்சி. காலி செய்து, பனியை உருகவிட்டு, துடைத்து உலர்த்தி, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் சுருட்டிச் செருகுங்கள். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை படரும். ஓடவிட்டுத்தான் போக வேண்டுமென்றால், ஃப்ரீசரில் ஒரு கப் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் பனிக்குள் புதைந்திருந்தால், நடுவில் மின்சாரம் நீண்ட நேரம் போயிருக்கிறது; உள்ளே இருப்பதைத் தூக்கிப் போடுங்கள்.

ஈரம் தங்கும் இடங்களில் பூஞ்சைதான் பெரிய எதிரி. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அவ்வளவாக வளராது. மாதக்கணக்கில் பூட்டிய அறையில் அது எளிதில் தாண்டும். அலமாரிக் கதவுகளைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளுங்கள், துவைத்த துணி முழுவதும் காய்ந்த பிறகே மடியுங்கள். தோல் செருப்பும் பையும் முதலில் பூக்கும். வந்து பார்ப்பவர் ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்து வைத்தால் நல்லது.

உணவுப்பொருள் எதையும் திறந்த நிலையில் விடாதீர்கள். குப்பைத்தொட்டி காலியாகட்டும். எலி நுழையும் ஓட்டைகளைக் கம்பிவலை வைத்து அடையுங்கள், துணி வைத்தால் கடித்துவிடும்.

வீடு பூட்டியிருப்பது வெளியே தெரியாமல் இருப்பதும் முக்கியம். வாசலில் குவியும் தாள்களும் விளம்பரங்களும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பத்திரிகையை நிறுத்துங்கள். கடிதங்களைப் பிடித்து வைக்கும் வசதி அஞ்சலகத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சாவி வைத்திருப்பவரின் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விமான நிலையப் படத்தை அன்றே முகநூலில் போடாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏழாம் படி: வண்டி

நிற்கும் கார் நான்கு விதத்தில் கெடும்: பேட்டரி, டயர், பெட்ரோல், எலி. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதை மெதுவாகப் பராமரிக்கும் சார்ஜரில் போடுங்கள். டயரில் காற்றைச் சொல்லப்பட்ட அளவுக்கு முழுதாக நிரப்புங்கள். டேங்கையும் நிரப்புங்கள், காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் சேர்வதும் குறையும். பெட்ரோல் மூன்று முதல் ஆறு மாதத்தில் தரம் இறங்கத் தொடங்கும் என்பதால், அதற்கு மேல் நிற்குமானால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் சேர்க்கலாம். ஹேண்ட்பிரேக் போட்டு விட்டுப்போனால் பிடித்துக்கொள்ளும். சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

“வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்” என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதனால் தீமைதான். அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரி சரியாக ஏறாது, சைலன்சரில் ஈரம் தங்கும். ஓட்டுவதானால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். முடியாதென்றால் தொடவே வேண்டாம்.

அங்கே போய் ஓட்டப்போகிறீர்களா? சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உடன்படிக்கையின்படி என்றால் ஓராண்டு, 1968 உடன்படிக்கையின்படி என்றால் மூன்றாண்டு வரை செல்லும். எந்த நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அசல் உரிமமும் கையில் இருந்தால்தான் அது செல்லும்.

எட்டாம் படி: பெட்டி

ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போகிறவர் பெட்டியைச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும். அங்கே உறவினர் வீடோ நிலையான அறையோ இருந்தால், குளிர் உடைகள், சார்ஜர், பிளக் அடாப்டர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு விட்டு வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று படமெடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த ஆண்டு அதே பொருளை இன்னொரு முறை வாங்குவீர்கள்.

போன், மடிக்கணினி சார்ஜர்களில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். முடி உலர்த்தி, இஸ்திரிப்பெட்டி போன்றவை பெரும்பாலும் ஒரே வோல்டேஜுக்குச் செய்தவை, எடுத்துப்போக வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவர் வரை, அதாவது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். வரை பொதுவாகத் தடையில்லை. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் பல விமான நிறுவனங்கள் பணம் கட்டினாலும் ஏற்பதில்லை.

கிளம்பும் நாள்

இதை மட்டும் பட்டியலாக அச்சிட்டுக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். செய்த ஒவ்வொன்றையும் பேனாவால் அடியுங்கள்.

- எரிவாயு வால்வு மூடியாயிற்று
- தண்ணீர் மெயின், வாஷிங் மெஷின் குழாய், கீசர்
- இன்வெர்ட்டர், மின் ஸ்விட்சுகள், பிளக்குகள்
- வடிகால்களில் தண்ணீரும் எண்ணெயும்
- ஃபிரிட்ஜ் கதவு, குப்பை
- சன்னல்கள், மாடிக் கதவு, பின்கதவு
- கடவுச்சீட்டு, மருந்து, இரண்டு கார்டு, போன்

பிறகு கையில் போனோடு ஒரு சுற்று நடந்து வீடியோ எடுங்கள். வால்வு, அடுப்பு, பூட்டு எல்லாம் அதில் விழட்டும். விமானத்தில் ஏறியதும் “எரிவாயுவை மூடினோமா?” என்று வரும் சந்தேகத்துக்கு அது பதில் சொல்லும். நாளை ஏதாவது சேதம் என்றால், கிளம்பும்போது வீடு எப்படி இருந்தது என்று காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டவும் ஆகும்.

திரும்பி வந்ததும்

உள்ளே போனதும் லைட் போடத் தோன்றும். முதலில் மூக்கைக் கவனியுங்கள். எரிவாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், சட்டென்று திறந்தால் காற்று அடித்துக் குழாய் அதிரும். மாதக்கணக்கில் குழாயில் நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம். 20 முதல் 45 டிகிரி வரையான வெப்பம் அதற்குப் பிடிக்கும். குடிப்பதைவிட, அந்தத் தண்ணீர் துளித்துளியாகத் தெறித்து மூச்சில் போவதுதான் ஆபத்து. அதனால் வந்த களைப்பில் நேராக ஷவரில் நிற்க வேண்டாம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு எல்லாக் குழாயையும் சில நிமிடம் தெறிக்காமல் ஓடவிடுங்கள். கீசரை 60 டிகிரிக்கு ஏற்றி, சூடான தண்ணீரும் எல்லாக் குழாய்களிலும் வரும்வரை விட்ட பிறகு குளிக்கலாம். மேல்தொட்டியில் நின்ற தண்ணீரை வடித்துக் கழுவிவிடுங்கள்.

காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். எலிக்கு அது நல்ல வீடு, வயர்களைக் கடித்திருக்கும். முதல் சில நிமிடம் பிரேக் கொஞ்சம் உரசும். டிஸ்க்கில் படிந்த மேல்துருதான், மெதுவாக ஓட்டினால் போய்விடும். போகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வந்த முதல் வாரத்திலேயே வங்கிக் கணக்குப் பட்டியலை மாதவாரியாகப் பார்த்து, நின்றுபோன கட்டணங்களையும் தெரியாமல் பிடிக்கப்பட்ட தொகைகளையும் தேடுங்கள். தவறாகப் பிடித்த தொகையை மறுக்கப் பல வங்கிகள் நாள் வரம்பு வைத்திருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடம் வீட்டில் ஆள் வந்துவிட்டது என்று சொல்லி, கூடுதல் கட்டணம் இருந்தால் நிறுத்துங்கள். நாள் கணக்கு விரிதாளில் வெளியேறிய தேதியை எழுதி, அடுத்து எந்தத் தேதியிலிருந்து திரும்பப் போகலாம் என்று அப்போதே கணக்கிட்டுப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.